மெல்லாத பக்கம்

கணினித் திரையில் பன்னிரண்டு தாடைகள் வரிசையாக நின்றன. பதினொன்று சொன்ன பேச்சைக் கேட்டன. ஒன்று கேட்கவில்லை.

"இந்த ஆள் யாரும்மா?" என்று கைடு மேடம் பேனா முனையால் முதல் படத்தைத் தட்டினார்.

மில்லி திரையைப் பார்த்தபடி சொன்னாள். "எங்கப்பா, மேடம்."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் இருப்பவர் உட்கார்ந்துவிடுவது நல்லது என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். மில்லி உட்கார்ந்தாள். நாற்காலியை மேசை விளிம்புக்கு நேராக ஒருமுறை சரிசெய்துகொண்டுதான் உட்கார்ந்தாள். எதையும் அளக்காமல் விடாதவள் என்பதால்தான் கல்லூரியில் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்தார்கள். பிறகு கூப்பிடுகிறவர்களுக்குச் சோம்பல் வந்து, மில்லி என்று சுருங்கிப்போனது.

பல் மருத்துவக் கல்லூரியில் செயற்கைப் பல் பிரிவில் மேற்படிப்பு, கடைசி வருடம். அவளுடைய ஆராய்ச்சியை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். நடுவில் ஒரு பல் போய்விட்டால், அதன் இரண்டு பக்கத்துப் பற்களையும் தூண்களாக்கி, இடையில் ஒரு செயற்கைப் பல்லைத் தொங்கவிட்டு, மூன்றையும் ஒரே துண்டாகப் பூட்டுவார்கள். அதுதான் பிரிட்ஜ். மூன்று பல் சுமந்ததை இனி இரண்டு பல் சுமக்க வேண்டும். நாம் ஒவ்வொரு முறை மெல்லும்போதும் அந்த அழுத்தம் தூண்களின் வழியாகக் கீழே தாடை எலும்புக்குள் இறங்குகிறது. எலும்பு ஒன்றும் உறைந்துபோன சிமெண்ட் அல்ல. சுமை வருகிற இடத்தில் இறுகித் தடிக்கும். சுமை வரம்பு மீறினால் அரித்துப்போகும். சுமையே வராவிட்டால், எனக்கு இங்கே என்ன வேலை என்று இளைத்துவிடும்.

இதைக் கணினியிலேயே முன்கூட்டிச் சொல்லிவிட முடியுமா என்பதுதான் மில்லியின் கேள்வி. அதற்காக ஒரு வருடம் மாலை நேரக் கணினி வகுப்புக்குப் போய், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சைப் பகிர்ந்துகொண்டு, தாடையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு அழுத்தம் விழும் என்று கணக்குப் போடக் கற்றுக்கொண்டாள். பன்னிரண்டு பேருக்குப் பிரிட்ஜ் பொருத்தினார்கள். எல்லோருக்கும் கீழ்த் தாடை, வலப்பக்கம். ஒரு வருடம் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் தூண் பற்களைச் சுற்றி எலும்பு இந்த அளவு தடித்திருக்கும் என்று கணினி சொன்னது. பதினொரு பேருக்குத் தடித்திருந்தது. பெற்ற தகப்பனுக்கு மட்டும் இளைத்திருந்தது.

"ஒண்ணு, உன் கணக்கு தப்பு. இல்லேன்னா உங்கப்பா தப்பு," என்றார் மேடம்.

"அவரை மட்டும் விட்டுட்டு எழுதிடலாமா மேடம்?"

"பிடிக்காத ஆளை வெட்டி எடுத்துட்டு ஒட்டறதுக்கு இது என்ன கல்யாண ஆல்பமா? அவர் ஏன் அப்படி ஆனார்னு காரணம் சொல்லு. அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள்ள சொன்னா தீசிஸ்ல கையெழுத்துப் போடறேன். சொல்ல முடியலேன்னா உன் கணக்குல எனக்கு நம்பிக்கை இல்ல. மறுபடி மொதல்லேர்ந்து, அடுத்த வருஷம்."

வெளியே வந்த மில்லிக்கு அப்பா தப்பு என்ற யோசனையே வரவில்லை. தன் கணக்குதான் தப்பு என்று அறைக் கதவைத் தாண்டுவதற்குள்ளேயே முடிவு கட்டிவிட்டாள். அவள் சுபாவம் அப்படி. பேருந்து தாமதமாக வந்தால்கூடத் தன் கைக்கடிகாரத்தைத்தான் சந்தேகிப்பாள்.

முதலில் அளவைகளைச் சரிபார்த்தாள். பிறகு விசையின் கோணத்தை. பிறகு, எக்ஸ்ரே இடம்வலமாகத் திரும்பியிருக்குமோ என்ற பயம் வந்து, படமெடுக்கும் அறைக்கு ஓடினாள். அங்கே எல்லோரும் எக்ஸ்ரே அண்ணன் என்று கூப்பிடும் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்கப்பா படத்துல வலது, இடது மாறியிருக்க வாய்ப்பு இருக்கா?"

"பிரிட்ஜ் எந்தப் பக்கம்?"

"வலது."

"படத்துல பிரிட்ஜ் எந்தப் பக்கம் தெரியுது?"

"வலது."

"அப்ப போய்ட்டு வாம்மா. டீ ஆறுது."

"இல்லண்ணே, மிஷின் ஒருவேளை கொஞ்சம் கருப்பா எடுத்திருந்தா..."

"அந்த மிஷின் மத்தப் பதினோரு பேருக்கு ஒழுங்கா எடுத்துட்டு, உங்கப்பாவைப் பார்த்ததும் கோவிச்சுக்குச்சா? அவர் மேல அதுக்கு என்ன பகை?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இறங்கி வந்தார். "நாளைக்குக் கூட்டிட்டு வா. இன்னொண்ணு எடுத்துத் தொலைக்கறேன். ஆனா அதுவும் அப்படித்தான் வரும், சொல்லிட்டேன்."

அதுவும் அப்படித்தான் வந்தது.

மில்லிக்கு மண்டை காய்ந்துபோனதற்குக் காரணம் இருந்தது. அப்பா பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்றும் உடம்பில் முறுக்குக் குறையவில்லை. ஒவ்வொரு தடவை கல்லூரிக்கு வரும்போதும் கடிக்கிற மிஷினைக் கேட்டு வாங்கிக் கடிப்பார். அது ஒரு சின்னத் தகடு. பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்தால் எவ்வளவு விசை என்று திரையில் எண் ஓடும். மற்றவர்கள் சும்மா கடித்துவிட்டுப் போவார்கள். அப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, கைப்பிடியை இறுகப் பற்றி, பாரந்தூக்குகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கத்தால் கடிப்பார். காத்திருக்கிற நோயாளிகள்கூட எட்டிப் பார்ப்பார்கள்.

"எவ்வளவும்மா?"

"போன தடவையைவிடக் கூடப்பா."

"பார்த்தியா!" என்று திரும்பி, யாரென்றே தெரியாத ஒரு பெண்மணியிடம், "என் பொண்ணு போட்ட பிரிட்ஜுங்க. அவ போட்டதிலேயே முதல் பிரிட்ஜ்," என்பார்.

இப்படிக் கடிக்கிற மனிதருக்கு எலும்பு தடிக்காமல் எங்கே போகும்? அப்படியானால் உடம்புக்குள் ஏதோ கோளாறு. மில்லி அடுத்து அந்த வழியில் இறங்கினாள். சுண்ணாம்புச் சத்து, சர்க்கரை, தைராய்டு என்று ரத்தப் பரிசோதனைகள் வரிசையாக நடந்தன. காலையும் மாலையும் ஒரு டம்ளர் பால் என்று உத்தரவு போட்டாள்.

"ஏம்மா, பல்லுக்குப் பிரிட்ஜ் போட்டா பல்லோட நிக்கக்கூடாதா? கையில ஊசியைக் குத்தறே, பாலைக் குடிங்கறே. எனக்குப் பாலே ஆகாது," என்று அப்பா முனகினார்.

"குடிங்கப்பா. என் வருஷமே உங்க எலும்புல தொங்குது."

அந்த வார்த்தை அவரை என்னமோ செய்தது. மறுபேச்சில்லாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

பரிசோதனை முடிவுகள் வந்தன. எல்லாம் சரியாக இருந்தன. அந்த வயதில் அப்படி ஒரு ரத்தம் யாருக்கும் வாய்க்காது என்று பரிசோதனைக்கூடத்தில் பாராட்டியே அனுப்பினார்கள். மில்லிக்கு அழுகை வந்தது.

இதில் இன்னொரு எரிச்சல் வேறு. அப்பாவின் வாயைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் வலப்பக்கம் மட்டும் பற்களின் அடியில் மஞ்சளாகக் காரை படிந்திருந்தது. இடப்பக்கம் பளிச்சென்று இருக்கும். இரண்டு முறை சுரண்டி எடுத்தாள். இரண்டு முறையும் திட்டினாள்.

"வலது பக்கம் பிரஷ்ஷே போகறதில்லையாப்பா?"

"அய்யோ, அந்தப் பக்கம்தாம்மா அதிகமாத் தேய்க்கறேன்! பஞ்சு மாதிரி பிரஷ் வாங்கி, மெதுவா..."

"பொய் சொல்லாதீங்க. காரை சாட்சி சொல்லுது."

"என்னை நம்பு. நான் ஏன் பொய் சொல்லப் போறேன்?"

அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை சுவரோரம். அப்பாவின் நாற்காலி நடுவில், அம்மா அவருக்கு இடப்பக்கம், மில்லி வலப்பக்கம். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அதே வரிசைதான். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். மில்லி மடிக்கணினியைத் தட்டுக்கு எதிரில் வைத்துக்கொண்டு, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய் மின்னும் அப்பாவின் தாடைப் படத்தை முறைத்துக்கொண்டே சாப்பிட்டாள். கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசையில் அடுத்தது வந்தது.

"அப்பா, ரெண்டு பக்கமும்தானே மெல்றீங்க?"

"ஆமாம்மா."

"ம்க்கும்," என்றாள் அம்மா.

மில்லி தலையைத் தூக்கவில்லை. ஆமாம் என்பதை மட்டும் தட்டச்சு செய்துகொண்டாள்.

இந்த இடத்தில் அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அப்பா எந்தப் புதுச் சாமானையும் உறையைவிட்டு எடுக்க மாட்டார். டிவி ரிமோட் வாங்கின நாளில் போட்ட பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே எண்களெல்லாம் மங்கிப்போய் இருக்கிறது. ஸ்கூட்டர் இருக்கையின் மேலுறை கிழிந்து நார் நாராகத் தொங்குகிறது. அதன்மேல் இன்னோர் உறை மாட்டியிருக்கிறார். மெத்தையில் புரண்டால் சலசலவென்று சத்தம் வரும். கிடங்கில் இருந்தபோது, "சாமான் உறைக்குள்ள இருக்கற வரைக்கும்தான் அதுக்கு மரியாதை. பிரிச்சா அது பழசு," என்று இளம் மெக்கானிக்குகளிடம் சொல்லிச் சொல்லி, 'உறை சார்' என்று பட்டப்பெயரே வாங்கினவர். அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்ததால் மில்லிக்கு இதெல்லாம் கண்ணில் படாது. உலகத்தில் எல்லார் வீட்டு மெத்தையும் சலசலக்கும் என்றுதான் கல்லூரி விடுதியில் ஒரு தோழியின் அறையில் படுக்கிற வரைக்கும் நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. மடிக்கணினிக்குச் சார்ஜ் போய்விட்டது. சார்ஜர் கல்லூரியில். வேறு வழியில்லாமல் மில்லி மனிதர்களைப் பார்த்து உட்கார்ந்தாள். அம்மா வறுத்த வேர்க்கடலையைத் தட்டில் கொட்டிவிட்டுப் போனாள். அப்பா செய்தித்தாளைப் பிரித்தபடி ஒரு கடலையை எடுத்தார். வாயில் போட்டார். தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்தார், காதில் தண்ணீர் போனவர் மாதிரி. கறுக் முறுக் என்று சத்தம் கேட்டது.

மில்லியின் பக்கம் இருந்த கன்னம் அசையவே இல்லை. சுவரில் மாட்டிய போட்டோவில் இருக்கும் கன்னம் மாதிரி இருந்தது.

இரண்டாவது கடலை. சாய்ந்தது. மூன்றாவது. சாய்ந்தது.

"அப்பா."

"ம்?"

"வலது பக்கம் போட்டு மெல்லுங்க."

செய்தித்தாள் இறங்கியது. "எதுக்கு?"

"மெல்லுங்கப்பா!"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அந்தப் பக்கம் அவர் எதை மென்னாரு? பிரிட்ஜ் போட்ட நாள்லேர்ந்து ஒரு பருக்கை அந்தப் பக்கம் போனதில்ல."

மில்லி எழுந்து நின்றுவிட்டாள். "அம்மா! இது உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? என் பக்கத்துல உட்கார்ந்துதானே சாப்பிடறாரு, பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"ஏன்மா என்கிட்ட சொல்லல?"

அம்மா கரண்டியோடு வாசற்படிக்கு வந்து நின்றாள். "என்னைக் கேட்டியா? ரத்தத்தைக் கேட்டே. எக்ஸ்ரேயைக் கேட்டே. அந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டே. பக்கத்துல உட்கார்ந்து சோறு போடறவளை ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"ம்க்கும்னு சொன்னியே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டிருக்கணும்."

மில்லி அப்பா பக்கம் திரும்பினாள். அவர் செய்தித்தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, இனி மடிக்க இடமில்லாமல் கையில் வைத்திருந்தார்.

"ஏம்ப்பா?"

"புதுசும்மா அது."

"பல்லுப்பா அது! ரிமோட் இல்ல!"

"கத்தாதே. நீ முதல் முதலாப் போட்ட பிரிட்ஜு. அது உடைஞ்சு போச்சுன்னு வெச்சுக்க, உன் மேடம் என்ன சொல்வாங்க? பொண்ணு சரியாப் போடலேன்னுதானே சொல்வாங்க? அதான், உன் புத்தகம் எழுதி முடிக்கற வரைக்கும் கீறல் விழாம வெச்சிருந்து குடுத்துடலாம்னு... அதுக்கப்புறம் மெல்லலாம்னுதான் இருந்தேன்."

"அப்போ ரெண்டு பக்கமும் மெல்றேன்னு ஏன் சொன்னீங்க?"

"அதுதானே சரியான விடை? நீ கேட்ட தோரணையே அப்படித்தானே இருந்தது."

"அந்த மிஷின்ல மட்டும் உயிரைக் குடுத்துக் கடிச்சீங்களே?"

"அது நாலு பேர் பார்க்கற இடம். அங்க போய் மெதுவாக் கடிச்சா உனக்குத்தானே அவமானம்?"

மில்லி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். கோபப்பட வேண்டுமென்றால் பிடித்துக்கொள்ள ஒரு மூலை வேண்டும். அவள் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு மனிதர் வருடம் முழுக்க ஒரு பக்கக் கன்னத்தாலேயே வாழ்ந்து, அதனாலேயே அவள் வருடத்தைக் கவிழ்க்க இருந்தார். அவரை எந்த மூலையில் பிடிப்பது? வலப்பக்கம் ஏன் காரை படிந்தது என்பதும் இப்போது புரிந்தது. மெல்லும்போது உணவு உரசி உரசியே பல் பாதி சுத்தமாகிவிடும். உரசாத பக்கம் காரை படியும். இது முதல் வருடப் பாடம். பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, நன்றாகத் தேய்த்த மனிதரைப் பிரஷ் போகவில்லை என்று திட்டியிருக்கிறாள்.

"இனிமே மெல்லுங்க," என்றாள் கடைசியில். "மெல்லலேன்னாதான் எலும்பு கரையும். அதுதான் என் ஆராய்ச்சியே. புரியுதா?"

"மென்னா எலும்பு வந்துடுமா?"

"வரும்."

"சரி," என்றார் அப்பா, உத்தரவு வாங்கிக்கொண்டவர் போல.

அந்தச் 'சரி'யை அவள் கொஞ்சம் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கல்லூரி திறந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்தாள். அப்பாவின் தாடையை எடுத்து, வலப்பக்கச் சுமையைத் துடைத்துவிட்டு, அந்தச் சுமையையும் இடப்பக்கத்தின் தலையிலேயே ஏற்றினாள். கணினி யோசித்தது. பிறகு, வலப்பக்கத் தூண்களைச் சுற்றி எலும்பு இளைக்கும், இடப்பக்கம் தடிக்கும் என்று வரைந்து காட்டியது. எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசலாகப் பொருந்தியது. இளைத்த இடம், இளைத்த அளவு, எல்லாமே. இத்தனை நாளாக அவளை அலைக்கழித்த தாடை, பன்னிரண்டு பேரிலேயே கணக்குக்கு மிக நெருக்கமாக நின்றது. அப்போதும் மகிழ்ச்சி வரவில்லை. இவ்வளவு அழகாகப் பொருந்துகிறதே, எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறேனோ என்று மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள்.

மேடம் கதையை முழுவதும் கேட்டார். சிரிக்கவில்லை.

"சரி. அவர் மெல்லவே இல்லேன்னு நீ சொல்றே. உனக்கு உங்கம்மா சொன்னாங்க. கமிட்டியில நான் என்ன சொல்றது, இந்தப் பொண்ணோட அம்மா சொன்னாங்கன்னா?"

"காரை இருக்கு மேடம்."

"காரை பிரஷ் பண்ணாதவனுக்கும் இருக்கும். வேற சாட்சி வேணும். வெள்ளிக்கிழமை அவரைக் கூட்டிட்டு வா. நானே பார்க்கறேன்."

அந்த வாரம் முழுக்க மில்லி புதிய கணக்குகளோடு கல்லூரியிலேயே கிடந்தாள். மாலையில் வீட்டுக்கு வந்து தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள், படுத்தாள். அப்பா வீட்டில் கொஞ்சம் அமைதியாக இருப்பதாகத் தோன்றியது. திட்டு வாங்கினதால் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் கட்டிக்கொண்டு, கூடத்தில் தயாராக நின்றார். வலது கன்னம் லேசாக உப்பியிருந்தது.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்ல. போலாமா?" என்றார் பாதி வாயால்.

மில்லி அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "நான் ஒண்ணும் சொல்லல. இந்தத் தடவையும் என்னை யாரும் கேக்கல," என்றாள்.

"கேக்கறேன்மா. கேக்கறேன். சொல்லு."

"திங்கக்கிழமையிலேர்ந்து இடது பக்கம் சாப்பிடறதையே நிறுத்திட்டாரு. காலையில ஆப்பிள், மத்தியானம் பச்சைக் கேரட், சாயந்தரம் கடலை, எல்லாம் அந்தப் பக்கம்தான். எதுவும் இல்லாத நேரத்துக்குன்னு ரப்பர் மாதிரி ஒரு மிட்டாய் வாங்கி வெச்சு மென்னுக்கிட்டே இருக்காரு. மாடு கெட்டுது போ. என்னங்க இதுன்னு கேட்டா, வெள்ளிக்கிழமை எக்ஸ்ரேக்குள்ள எலும்பை ஏத்திக் காட்டணுமாம்."

மில்லி நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். "அப்பா. எலும்பு ஏற மாசக்கணக்காகும்ப்பா. நாலு நாள்ல ஏறாது."

"நீதானேம்மா மென்னா வரும்னே. எப்போன்னு சொல்லலையே."

"ஒரு வருஷம் சும்மா இருந்த எலும்பு மேல இப்படி ஏத்தினா அது தாங்குமா? கன்னம் வீங்கியிருக்கே!"

"அது தசைதான்னு நினைக்கறேன்," என்றார் அப்பா, மகளின் துறையில் ஒரு கருத்துச் சொன்ன தயக்கத்தோடு. பிறகு சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்தார். "அதுவும் போக... நேத்து சாயந்தரம் இது வந்துடுச்சு."

கையில் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் உறை. வாயை மடித்து ஒட்டியிருந்தார். மேலே துண்டுக் காகிதத்தில், கிடங்கில் எழுதிய அதே குண்டு எழுத்தில், 'பிரிட்ஜ் - பின் முனை - சில்லு' என்று எழுதித் தேதியும் போட்டிருந்தார். உள்ளே அரிசி முனை அளவு வெள்ளைப் பீங்கான்.

மில்லி தேதியை இரண்டு முறை படித்தாள்.

"நான் பயந்தது நடந்துடுச்சு பாரு," என்றார் அப்பா. "உறையிலேயே வெச்சிருந்திருக்கணும்."

மேடத்தின் அறையில் அப்பா நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். மில்லி ஓரமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். போயிற்று, ஒரு வருடம் போயிற்று. அவள் போட்ட முதல் பிரிட்ஜ் மேடத்தின் கண்முன்னால் உடைந்த முனையோடு கிடக்கிறது. மேடம் நெற்றியில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியை இறக்கி, விளக்கை இழுத்துக் குனிந்தார். நிமிரவே இல்லை.

"மேடம், அது நாலு நாள் ஒரேயடியா மென்னதால..."

"சும்மா இரும்மா. இங்க வா. இதை மாட்டிக்கிட்டுப் பாரு. என்ன தெரியுது?"

மில்லி பார்த்தாள். பின் முனையில் சில்லு பெயர்ந்த இடம் சொரசொரப்பாக, புதுக் காயம் போல் இருந்தது. அதைச் சுற்றி இரண்டு மூன்று புதுக் கீறல்கள். அதைத் தவிர்த்து மற்ற இடம் முழுவதும், பள்ளமும் மேடும், பீங்கான் சூளையிலிருந்து வந்த அன்றைய பளபளப்போடு கண்ணாடி மாதிரி மின்னியது. மேடம் இடப்பக்கம் விளக்கைத் திருப்பினார். அங்கே அப்பாவின் சொந்தப் பற்களின் முனைகள் மழுங்கித் தேய்ந்து, தட்டையாகிக் கிடந்தன.

"ஒரு வருஷம் மென்ன பிரிட்ஜுல இந்தப் பளபளப்பு நிக்குமா?"

"நிக்காது மேடம்."

"மத்தப் பதினொண்ணுல நின்னுதா?"

"எல்லாத்துலயும் தேஞ்சிருந்தது மேடம். நானே போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்."

"அப்புறம் என்ன? இதுதான் சாட்சி." மேடம் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தார். "ஏன் சார், உங்க பொண்ணை நீங்க காப்பாத்தினதும் போதும், கவிழ்த்ததும் போதும். இனிமே மனுஷங்க மெல்ற மாதிரி மெல்லுங்க. கொஞ்ச நாளைக்கு வலப்பக்கம் மெதுவானது மட்டும். அப்புறம் ரெண்டு பக்கமும்."

"மெல்றேன் மேடம். உடைஞ்சதுக்கு அவளைத் திட்டாதீங்க. அது என் தப்பு."

"இது உடைசலே இல்ல. முனையைத் தேய்ச்சு வழவழப்பாக்கினா போதும்." பிறகு மில்லியிடம் திரும்பினார். "கையெழுத்துப் போடறேன். உங்கப்பாவுக்குத் தனியா ஒரு அத்தியாயம் எழுது. சுமை இல்லாத எலும்புக்கு இவரைவிட நல்ல உதாரணம் நாம தேடினாலும் கிடைக்காது."

மில்லிக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை முழுதாக விடுவதற்குள் மேடம் அடுத்ததைச் சொன்னார்.

"ஆனா ஒண்ணு. மத்தப் பதினோரு பேரும் ரெண்டு பக்கமும் மெல்றாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்களே சொன்னாங்க மேடம்."

"உங்கப்பாவும்தான் சொன்னாரு."

மில்லி குறிப்பேட்டைத் திறந்தாள்.

"பதினோரு வீட்டுக்கும் போ. ஆளைக் கேக்காதே. கூட உட்கார்ந்து சாப்பிடறது யாரோ அவங்களைக் கேளு. பொண்டாட்டி, புருஷன், மாமியார், யாரா இருந்தாலும் சரி. கேட்டு எழுதிட்டு வா. அப்புறம்தான் கையெழுத்து."

நடைபாதையில் அப்பா அவள் பின்னாலேயே வந்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார். தேய்த்து வழவழப்பாக்கிய முனையை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். படமெடுக்கும் அறையைத் தாண்டும்போது எக்ஸ்ரே அண்ணன் தலையை நீட்டி, "என்ன, மிஷின் ராசியாயிடுச்சா?" என்றார். மில்லி நடையை எட்டிப் போட்டாள்.

படியிறங்கும்போது அப்பா மெதுவாகக் கேட்டார். "பதினோரு வீடும் தூரமாம்மா?"

"ஊருக்கு ஒரு மூலையில ஒண்ணுப்பா."

"நான் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடறேன்."

"வேண்டாம்ப்பா."

"ஏன்? நானும் வந்து கேக்கறேனே. மறைக்கறவன் எப்படி மறைப்பான்னு எனக்குத்தானே தெரியும்?"

மில்லி நின்றாள். மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

"அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

"அவ என்ன கேப்பா?"

"ஒண்ணும் கேக்க வேண்டாம். ம்க்கும்னு சொன்னாப் போதும்."

வாசலில் ஸ்கூட்டர் வெயிலில் நின்றிருந்தது. அப்பா இருக்கையின் மேலுறையைக் கையால் நீவிவிட்டார். சாவியைப் போடும் முன்னால் சட்டைப்பையிலிருந்து அந்தக் குட்டி உறையை எடுத்துப் பார்த்து, பத்திரமாக மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார்.

"அதை இன்னும் எதுக்குப்பா வெச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்க."

"இருக்கட்டும்மா. புதுசு."

மில்லி வானத்தைப் பார்த்தாள். பிறகு பின்னால் ஏறி, சலசலக்கும் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.